பின்தலையில் ஒரு சிக்கு

திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது ஹோசியா டாலிவர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தார்.

“ஹோசியாவா? ஷெர்ரி பேசறேன். எர்லின் இருக்கிற மாடிக்கு சூப்பர்வைசர். பயப்படாதீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்ல.”

அவருக்கு எழுபத்தொன்று. அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முப்பது இருந்தால் அதிகம். முதல் நாளிலிருந்தே பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். சிரித்த குரலில் கூப்பிட்டாள். அதனால் எதுவும் சொல்ல முடியவில்லை.

“சொல்லுங்கம்மா.”

“தலைமுடி விஷயம். ரொம்பச் சிக்கு விழுந்துபோச்சு. பின்னாடி ஒரே கட்டி, சீப்பு இறங்கல. அடியில புண்ணாயிடுமோன்னு நர்ஸ் பயப்படறாங்க. வியாழக்கிழமை முடிவெட்டறவங்க வருவாங்க. ஒட்ட வெட்டிட்டா அவங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்.”

“ஒட்டன்னா?”

“ஒட்டத்தான். கோடை வேற வருதில்ல.”

நான் வந்து பார்க்கிறேன் என்றார். புதன்கிழமைக்குள் வாருங்கள் என்றாள்.

முட்டை ஆறிப்போயிருந்தது. அப்படியே தின்றார்.

நவம்பரில் மனைவி எர்லினுக்கு மூளையில் ரத்தம் அடைத்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. பசிக்கிறதா என்றால் “இல்ல.” வலிக்கிறதா என்றால் “இல்ல.” வெளியே மழையா என்றாலும் “இல்ல.” உள்ளே எல்லாம் புரிகிறது, வாயில் வருவது மட்டும் அது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார். வடக்கு செயின்ட் லூயிஸில் நடந்து போகும் தூரத்தில் இருந்த முதியோர் இல்லத்தை அதற்கு முந்திய வருடமே மூடிவிட்டார்கள். இடம் கிடைத்தது மேற்கே, நகரம் முடிந்து வெகுதூரம் போன பிறகு. இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்புவார்.

போன ஞாயிறும் போயிருந்தார். கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தாள். குல்லாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர் தூக்கிப் பார்க்கவில்லை.

கல்யாணமான நாற்பத்தாறு வருடத்தில் அவர் அவள் தலையைத் தொட்டதில்லை. தோளைத் தொடலாம், முதுகைத் தொடலாம். தலை அவளுடையது. சனிக்கிழமை சாயங்காலம் சுருட்டை முடியை நீட்டிவிட சமையலறை அடுப்பில் இரும்புச் சீப்பு சூடாகும், எண்ணெய் பொசுங்கும் வாசம் வரும். அவர் வெளி வராந்தாவுக்குப் போய்விடுவார். மறுநாள் அவள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சர்ச் வாசலில் நின்று எல்லோரையும் இடம் காட்டி உட்கார வைப்பாள். ஒரு முடி விலகியிருக்காது. தபால் பெட்டி வரை போவதென்றால்கூடத் தலையில் துணி கட்டாமல் போகமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை வெனீட்டாவின் முடி அலங்காரக் கடைக்கு நடந்தார். அவர் தெருவில் அந்தப் பக்கம் முன்பு பதினொரு வீடு. இப்போது நான்கு. மூன்றில் ஆள் இல்லை. பூட்டிய வீடுகளின் பின்சுவரில் யாரோ செங்கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறையின் நீலச் சுவர் தெருவிலிருந்து தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தார்.

கதவைத் திறந்ததும் கடையில் பேச்சு நின்றது. ஈஸ்டர் வாரம். ஆறு நாற்காலியும் நிறைந்து, சுவரோரம் நாலு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் பெண்கள்.

“வழி தப்பிட்டீங்களா பெரியவரே? ஆம்பளைங்க கடை அடுத்த தெரு,” என்றாள் முடி உலர்த்தும் டிரையருக்கு அடியிலிருந்த ஓபல். அவருடைய சர்ச்தான். எண்பது வயது.

ஹோசியா மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். வழுக்கை தெரிந்தது.

“இந்தத் தலைக்கு எந்தக் கடையும் வேண்டாம். ஈரத்துணி போதும்,” என்றாள் ஓபல்.

கடை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

வெனீட்டா கையிலிருந்த தலையை விடாமல் திரும்பினாள். பத்து வருடமாக எர்லினுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடி அலங்காரம் செய்தவள். வயதுக்கு மரியாதையாக ‘மிஸ்’ சேர்த்துத்தான் சொல்வாள்.

“மிஸ் எர்லின் எப்படி இருக்காங்க டாலிவர் ஐயா?”

அவர் சொன்னார். ஷெர்ரி சொன்னதை அப்படியே சொன்னார். யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள்.

“ஒட்டவா?” என்றாள் வெனீட்டா. “யார் தலைய? மிஸ் எர்லின் தலையையா?”

“கோடை வருதாம்.”

“ஏன், கோடை அவ தலையில மட்டும்தான் வந்து உக்காரப்போகுதா?” என்றாள் ஓபல்.

“நீ ஒருதடவ வந்து பாக்கறியாம்மா? சர்ச்சுல சொல்லி கார் ஏற்பாடு பண்றேன்.”

வெனீட்டா சீப்பால் சுவரைக் காட்டினாள். அங்கே அந்த வாரத்து அட்டை. வெள்ளை இடமே இல்லை.

“சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் எனக்கு ஒண்ணுக்குப் போகக்கூட நேரம் கிடையாது. திங்கட்கிழமை கடை லீவு. கண்டிப்பா வர்றேன்.”

“வியாழக்கிழமை வெட்டிருவாங்க.”

“அங்க நம்ம கறுப்புப் பொண்ணு ஒருத்திகூட இல்லையா?”

“ஒருத்தி இருந்தா. ராஷீதான்னு. அவதான் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து பின்னிவிடுவா. அது அவ வேலைகூட இல்ல. பிப்ரவரியில வீட்டுக்குப் பக்கத்துலயே வேற இடத்துல வேலை கிடைச்சுப் போயிட்டா.”

வெனீட்டா யோசித்தாள். “பிப்ரவரிதானே. ரெண்டு மாசத்துல சீப்பு இறங்காத அளவுக்குப் போகாதே. முடி உராயாம சாட்டின் குல்லா போட்டுத்தானே படுக்கறாங்க? நான்தானே வாங்கிக் கொடுத்தேன், ஊதாக் கலர்ல.”

அவர் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

“அது வீட்டுல இருக்கு.”

“யார் வீட்டுல?”

“என் வீட்டுல.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர்தான் பேச வேண்டியிருந்தது.

“பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை. ஹால்ல உக்கார வெச்சிருந்தாங்க அவள. மத்தியானம். மத்தவங்களோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்திருந்தாங்க. அத்தனை பேரும் வெள்ளைக்காரங்க. இவ நடுவுல, ராத்திரி போடற குல்லாவோட. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. துவைக்கணும்னு சொல்லிக் கழட்டிப் பைக்குள்ள வெச்சுக்கிட்டேன். கம்பளிக் குல்லா ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தேன், அதப் போட்டுவிட்டேன்.” தொப்பியைப் பார்த்தார். “துவைச்சேன். துவைச்சு அலமாரியில வெச்சேன்.”

“கம்பளி,” என்றாள் வெனீட்டா மெதுவாக. “கம்பளி முடியில இருக்கிற எண்ணெய் எல்லாத்தையும் குடிச்சிரும். அங்க கொடுக்கிற தலையணையும் அப்படித்தான். படுத்தே இருக்கிற தலை.”

“எனக்குத் தெரியல.”

“தெரியாதுதான்.”

ஓபல் டிரையரை மேலே தள்ளிவிட்டு அவரைப் பார்த்தாள். “என் அம்மாவா இருந்தாலும் கழட்டியிருப்பா. வெள்ளைக்காரங்க கண்ணு முன்னாடி நம்ம எப்படி நிக்கணும்னு அடிச்சு அடிச்சுச் சொல்லித்தானே வளத்தாங்க.” அது ஆறுதலா குற்றமா என்று அவருக்கு விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

வெனீட்டா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ரப்பர் தலை ஒன்றோடு வந்தாள். பயிற்சிக்கு வைத்திருப்பது. சுருட்டை முடி, கண்ணில் மை.

“கை கழுவிட்டு வாங்க.”

“யாரு, நானா?”

“பின்ன ஓபல் பாட்டியா பஸ் ஏறப்போறாங்க?”

“என் பத்து மணி என்ன ஆச்சு வெனீட்டா?” என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

“உன் பத்து மணி பதினொரு மணி ஆயிருச்சு. வாய மூடிட்டு உக்காரு.”

முப்பது வருடம் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டிய கை. சீப்பு அதில் காணாமல் போயிற்று. வெனீட்டா பின்னால் நின்றாள். முதலில் தண்ணீர் தெளி, கண்டிஷனர் தடவு, ஊறவிடு. முடியைப் பங்கு பங்காகப் பிரித்து கிளிப் போடு. வேருக்குப் பக்கத்தில் ஒரு கையால் இறுக்கிப் பிடி, இழுப்பு தோலுக்குப் போகக் கூடாது. பிறகு நுனியிலிருந்து விரலால். விரல் போன இடத்துக்குத்தான் சீப்பு.

“சீப்ப எடுத்தவுடனே வேர்ல வெச்சீங்கன்னா நானே வந்து உங்க கையை ஒடிப்பேன்.”

“அது போல்ட் இல்ல பெரியவரே, முறுக்காதீங்க,” என்றாள் ஓபல்.

பின்னல் போட மூன்று முறை சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவது முறை பின்னல் மாதிரி ஒன்று வந்தது. ஓபல் கை தட்டினாள். வெனீட்டா தட்டவில்லை. ஒரு பையில் சீப்பு, கிளிப்புகள், தெளிக்கும் குப்பி, கண்டிஷனர், எண்ணெய் எல்லாம் போட்டுக் கொடுத்தாள்.

“எவ்வளவு நேரம் ஆனாலும் அவசரப்படாதீங்க. அவங்க முகத்தப் பாத்துட்டே செய்யுங்க. வாய் சொல்லலன்னாலும் முகம் சொல்லும்.”

சாயங்காலம் வீட்டில் தரை துடைக்கும் துடைப்பத்தை எடுத்தார். புதிது, நூல் துடைப்பம். அதைத் தலைகீழாக நாற்காலியில் சாய்த்துக் கட்டி, தண்ணீர் தெளித்து, நூலைப் பிரித்துப் பின்னினார். ஏழு பின்னல் போட்டார். பிரித்தார். மறுபடி போட்டார். வெளிச்சம் குறைந்தபோது எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வலிக்குதா?” என்று கேட்டார்.

சமையலறையில் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. அதற்கு முன் அன்று அந்த வீட்டில் யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை. துடைப்பத்தை வாளியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார். எர்லின் சாய்த்து வைத்த கட்டிலில் இருந்தாள். புதன்கிழமையில் அவரைப் பார்த்ததும் புருவம் தூக்கினாள். அடுத்த கட்டிலில் மிசஸ் வெல்க்கர் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரி, சுருங்கிச் சின்னதாகப் போனவள், நல்ல சுபாவம்.

“தலைய நாளைக்கு வெட்டணும்னு சொல்றாங்க எர்லின்,” என்றார். “நான் சிக்கெடுத்துப் பாக்கட்டுமா?”

“இல்ல.”

வேறென்ன சொல்வாள். அவர் முகத்தைப் பார்த்தார். முகம் மறுக்கவில்லை. கம்பளிக் குல்லாவை மெதுவாகக் கழற்றினார்.

முன்னால் நரைத்த முடி மென்மையாக எழுந்து நின்றது. பின்னால் அது முடியாகவே இல்லை, அழுத்தித் தைத்த கம்பளம் மாதிரி ஒரு தட்டை. உள்ளங்கை அகலம். தொட்டுப் பார்த்தார். அசையவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவை, தொட்டது இதை.

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். சீப்பு, கிளிப், குப்பி. கடைசியில் ஊதாக் குல்லா.

எர்லின் இடது கையை நீட்டி அதை எடுத்தாள். இஸ்திரி போட்டிருந்தார். முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அவர்கள் வீட்டு சோப்பு. பிறகு மேசையின் இழுப்பறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அவள் அந்த இழுப்பறையைக் கையால் தட்டித் தட்டி எதையோ கேட்டாள். அவர் ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

“நான்தான் எடுத்துட்டுப் போனேன்,” என்றார். “இங்க யாரும் தொலைக்கல. நான்தான்.” சீப்பை நகர்த்தி வைத்தார். “அவங்க எல்லாரும் பாத்தாங்க எர்லின். எனக்கு வெக்கமா இருந்துச்சு.”

அவள் குல்லாவைப் போர்வைமேல் வைத்தாள். கட்டில் கம்பியைப் பிடித்து, ஒரு கையாலேயே தன்னை இழுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு நேரம் பிடித்தது. அவர் உதவப் போனார். தோளை உதறினாள்.

பின்தலை அவர் பக்கம் வந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் தெளித்தார்.

ஊறுவதற்கு அரை மணி நேரம் விட்டார். தட்டையின் கீழ் ஓரத்தில் கொசுவலைக் கண் அளவுக்கு ஒரு துளை தெரிந்தது. அதில் விரல் நுனியை விட்டார். வேர்ப் பக்கம் இடது கையால் பிடித்துக்கொண்டு நாலு முடி பிரித்தார். அடுத்த நாலு. முகத்தைப் பார்த்துச் செய் என்று வெனீட்டா சொன்னாள். முகம் சுவரைப் பார்த்திருந்தது. அதனால் தோளைப் பார்த்துச் செய்தார். தோள் இறுகினால் நிறுத்தினார். இறங்கினால் தொடர்ந்தார்.

சாப்பாட்டுத் தட்டு வந்து, மூடியபடியே போயிற்று.

மிசஸ் வெல்க்கர் டிவியின் சத்தத்தைக் குறைத்திருந்தாள். ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் போல.

“பஞ்சு மாதிரி இருக்குமா?” என்று கேட்டாள். “நான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல. ஒருதடவ தொட்டுப் பாக்கட்டுமா?”

“இல்ல,” என்றாள் எர்லின் சுவரைப் பார்த்து.

நவம்பருக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது அது ஒருமுறைதான். சிரிப்பு வந்தது. அவளும் சிரிக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். கன்னத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

“தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றாள் மிசஸ் வெல்க்கர், யாரிடம் என்று இல்லாமல். டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

மூன்று மணிக்குத் தட்டை இரண்டாகப் பிளந்தது. மூன்றரைக்கு நாலு துண்டு. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன, முதுகு வலித்தது. ஒரு துண்டு மட்டும் எலுமிச்சம்பழ அளவில் கல்லாக நின்றது. மேசையில் நர்ஸ் வைத்துவிட்டுப் போன கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்தார். ஒரு வெட்டு, முடிந்துவிடும். தோளைப் பார்த்தார். கத்தரிக்கோலின் சத்தம் கேட்டோ என்னவோ தோள் காது வரை ஏறியிருந்தது. அதைத் திருப்பி வைத்துவிட்டு எண்ணெயை எடுத்தார்.

நாலரைக்கு அந்தத் துண்டும் விட்டது. உதிர்ந்த முடியைக் கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் எரிக்க வேண்டும். அந்நியர் வீட்டுக் குப்பைத் தொட்டியில் தலைமுடியைப் போடமாட்டாள் அவள்.

பின்னால் மூன்று பின்னல் போட்டார், பக்கத்துக்கு ஒன்று. வகிடு கோணல். ஒரு பின்னல் தடி, ஒன்று சோனி. அவிழவில்லை, அது போதும்.

ஐந்து மணிக்கு ஷெர்ரி கையெழுத்துத் தாளோடு வந்தாள்.

“அடடா! எர்லின், சின்னப் பாப்பா மாதிரி இருக்கீங்க!”

“மிசஸ் டாலிவர்,” என்றார் ஹோசியா.

“என்ன?”

“அவங்க பேரு மிசஸ் டாலிவர்.”

ஷெர்ரியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. கெட்ட பெண் இல்லை. யாரும் இதுவரை அவளிடம் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

“சரி. மிசஸ் டாலிவர். அப்ப நாளைக்கு வெட்ட வேண்டாமா?”

“வேண்டாம்.”

“மறுபடியும் சிக்கு விழுந்தா?”

“விழாது. இனி ராத்திரி இந்தக் குல்லாவோடதான் படுக்கணும். பகல்ல போட்டுக்கறதும் கழட்டறதும் அவங்க இஷ்டம். புதன்கிழமை, ஞாயித்துக்கிழமை நான் வருவேன்.”

அவள் தாளை மடித்துக்கொண்டு போனாள்.

முன்பக்கம் பாக்கி. நெற்றிக்கு மேலே ஒரு கைப்பிடி முடி, கிளிப் போட்டு ஒதுக்கி வைத்திருந்தது.

“இந்தப் பக்கம் திரும்பறியா?” என்றார்.

அவளுக்கு மிஞ்சியிருந்த அந்த ஒரு சொல்கூட வரவில்லை.

ஐந்து நாற்பதுக்குப் பஸ். அதை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கட்டிலின் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இழுத்தார். இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்தார். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. சுவரில் முதுகை வைத்து வழுக்கிக்கொண்டே இறங்கி, கட்டிலை ஒட்டி அரைகுறையாகக் குந்தினார்.

அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. அத்தனை நேரமும் திறந்தே இருந்திருக்க வேண்டும். அவரைப் பார்த்தாள். சொல்ல இருந்ததை அவர் காலையிலேயே சொல்லியாயிற்று. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“முன்னாடி ரெண்டு போடறேன்,” என்றார். “ஓரத்துல முடி மெல்லிசு. மெதுவாத்தான் செய்வேன்.”

கிளிப்பை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே பஸ் வந்து நின்றது, கிளம்பியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. தலையை நகர்த்தவும் இல்லை. அவர் பின்னிக்கொண்டிருந்தார்.